எச்சமும் எருவும்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருளைக் கேட்டதும் உங்களுள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். பறவைகளைப் பற்றிப் பேச வந்தவர் மயிலின் தோகையையும் குயிலின் குரலையும் விட்டுவிட்டு, பறவையின் எச்சத்தைப் பற்றியா பேசுவார் என்று எண்ணுவீர்கள். ஆயினும் நம் தொண்டை நாட்டில் மக்கள் பறவைகளைக் காத்த வரலாறு எச்சத்திலேதான் தொடங்குகிறது. அந்த வரலாற்றை அறியாமல் நான் செய்த பெருந்தவறு ஒன்றும் எச்சத்திலேதான் தொடங்கிற்று. இரண்டையும் சேர்த்தே சொல்லுகிறேன்.

நான் திருவள்ளூர் மாவட்டத்து வேப்பம்பட்டில் வாழ்பவன். சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் இருப்புப்பாதையில், திருநின்றவூருக்கும் செவ்வாப்பேட்டைக்கும் இடையே அமைந்தது எங்கள் ஊர். என் இளமையில் இப்பாதையின் இருமருங்கிலும் நெல்வயல்களைக் காணலாம். ஏர் நடக்கும்போது அதன் பின்னே கொக்குகள் வரிசையாக நடந்து, புரளும் மண்ணிலிருந்து புழுக்களைப் பொறுக்கும். கிணற்றோரத்துப் பனைகளில் தூக்கணாங்குருவிக் கூடுகள் காற்றில் ஆடும். மாலை நேரத்தில் ஏரியை நோக்கி நாரைகள் பறந்து செல்வதைப் பார்த்து, இருட்டுவதற்கு இன்னும் எவ்வளவு பொழுது இருக்கிறது என்று பெரியவர்கள் சொல்லுவார்கள். இன்று அந்த வயல்களில் பெரும்பகுதி மனைகளாகிவிட்டன. அவற்றுள் ஒரு மனையில்தான் என் வீடும் இருக்கிறது. ஆகவே பிறரைக் குறை கூறும் உரிமை எனக்கு மிகுதியாக இல்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்ளுகிறேன்.

ஏறத்தாழ 20 ஆண்டுகளுக்கு முன் ஆவடிக்கு மேற்கே ஒரு பள்ளியில் நான் தலைமையாசிரியனாகப் பொறுப்பேற்றேன். அப்பள்ளியின் முற்றத்தில் பெரியதொரு தூங்குமூஞ்சி மரம் நின்றது. அதன் நிழலிலேதான் காலை வழிபாட்டுக் கூட்டம் நடைபெறும். ஐப்பசி மழை தொடங்கியதும் அம்மரத்திற்கு விருந்தினர் வருவார்கள். மக்கள் குருட்டுக்கொக்கு என்று அழைக்கும் மடையானும், இரவில் இரை தேடும் வக்காவும் கூட்டமாக வந்து கூடு கட்டும். குருட்டுக்கொக்கு உட்கார்ந்திருக்கும்போது மண்ணின் நிறமாக இருக்கும். எழுந்து பறக்கும்போதோ திடீரென்று வெண்மையான சிறகுகள் விரியும். மாணவர்கள் அதனை வேடிக்கை பார்ப்பார்கள். எனக்கு அந்த வேடிக்கையில் மனம் செல்லவில்லை. வழிபாட்டில் நிற்கும் பிள்ளைகளின் வெள்ளைச் சட்டைகளில் எச்சம் விழுந்தது. பெற்றோர் சிலர் வந்து முறையிட்டனர். தூய்மையான பள்ளி என்று பெயரெடுக்க வேண்டும் என்னும் ஆசையும் எனக்கு இருந்தது.

அரையாண்டுத் தேர்வு விடுமுறையில் மரத்தின் கிளைகளை வெட்டிவிட ஏற்பாடு செய்தேன். மரம் வெட்டுபவர் ஏணியைச் சாத்தி மேலே பார்த்துவிட்டுத் தயங்கினார்.

“கூட்டிலே குஞ்சு இருக்குதுங்க ஐயா. தை போகட்டும், மாசியிலே வெட்டிக்கலாமே” என்றார்.

பள்ளி திறக்க ஒரு வாரந்தான் இருக்கிறது, இன்றே முடித்துவிடுங்கள் என்று நான் கூறினேன். அவர் அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை, வேலையை முடித்தார்.

அன்று மாலை முற்றம் முழுவதும் கிளைகளும் சுள்ளிக் கூடுகளும் கிடந்தன. உடைந்த முட்டைகளும் கிடந்தன. குஞ்சுகள் சில அங்கேயே இறந்துவிட்டன. பள்ளிக்கு அருகில் குடியிருந்த ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் அட்டைப்பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தான். உள்ளே இறகு முளைக்காத வக்காக் குஞ்சு ஒன்று அலகைத் திறந்தபடி நடுங்கிக்கொண்டிருந்தது.

“சார், இது இனிமேல் எங்கே போகும்?” என்று கேட்டான்.

நான் ஆசிரியப் பயிற்சி பெற்றவன். மாணவன் கேட்கும் கேள்வியைத் தட்டிக் கழிக்கலாகாது என்று பயிற்சிக் கல்லூரியில் எனக்குக் கற்பித்திருந்தார்கள். எனினும் அன்று அவனுக்கு நான் விடை கூறவில்லை. வீட்டுக்குப் போ என்று மட்டும் சொன்னேன். அவன் குஞ்சை வீட்டிற்கு எடுத்துச்சென்று சிறு மீன்களை ஊட்டிப் பார்த்தானாம். இரண்டாம் நாள் இரவு அது இறந்துவிட்டது.

அடுத்த ஆண்டு அம்மரத்திற்குக் கொக்குகள் வரவில்லை. பிள்ளைகளின் சட்டைகள் தூய்மையாக இருந்தன. நிழல் போய்விட்டமையால் அவர்கள் வெயிலில் நின்றார்கள்.

அந்த ஆண்டு தை மாதத்தில் மாணவர்களை வேடந்தாங்கலுக்குச் சுற்றுலா அழைத்துச் சென்றோம். மதுராந்தகத்துக்கு அருகே உள்ள அவ்வூரைப் பற்றி நீங்கள் பாடநூல்களில் படித்திருப்பீர்கள். ஏரியின் நீருக்குள் நிற்கும் மரங்களின் மேல் இலை தெரியாதபடி பறவைகள் அமர்ந்திருந்தன. மரங்களே வெள்ளை பூசியவைபோல எச்சத்தால் வெளுத்திருந்தன. கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த முதிய உழவர் ஒருவரிடம், “இவ்வளவு எச்சமும் இந்தத் தண்ணீரில்தானே விழுகிறது? உங்களுக்கு நாற்றமாக இல்லையா?” என்று கேட்டேன்.

“அது உங்களுக்குத்தாங்க நாத்தம். எங்களுக்கு எரு. இந்தத் தண்ணி பாயற நிலத்துக்கு வேற எரு அதிகம் வேண்டியதில்லை” என்றார் அவர்.

அட்டைப்பெட்டியுடன் வந்த அந்த மாணவன் எனக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். அவன் என்னைப் பார்க்கவில்லை, பறவைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு அவன் முகத்தைப் பார்க்கத் துணிவு வரவில்லை.

ஊர் திரும்பியபின் வேடந்தாங்கலின் வரலாற்றைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். ‘தாங்கல்’ என்பது மழைநீரைத் தாங்கி நிற்கும் சிறிய ஏரியைக் குறிக்கும் சொல். நம் பகுதியில் தாங்கல் என்று முடியும் ஊர்ப்பெயர்கள் பலவற்றைக் காணலாம். வேடந்தாங்கல் என்பதற்கு வேடர்களின் தாங்கல் என்று பொருள் கூறுவர். ஒரு காலத்தில் வேட்டைக்குப் பெயர்பெற்ற இடமே பின்னர்ப் பறவைகளின் புகலிடமாயிற்று. அம்மாற்றத்தை முதலில் விரும்பியவர்கள் அவ்வூர் உழவர்கள்.

18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இப்பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் ஜாகீராக இருந்தது. செங்கற்பட்டும் மதுராந்தகமும் பூவிருந்தவல்லியும் திருவள்ளூரும் அதற்குள் அடங்கியவை. ஆகவே வேடந்தாங்கலின் கதை எங்கள் வேப்பம்பட்டிற்கும் அயலாருடைய கதையன்று. கம்பெனியின் சிப்பாய்கள் ஏரிக்கு வந்து பறவைகளைச் சுட்டு வீழ்த்தினர். ஊரார் அதனைக் கண்டு வாளாவிருக்கவில்லை. கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் என்பவரிடம் சென்று முறையிட்டனர். அவர் 1798-ஆம் ஆண்டு, அந்த ஏரியில் எவரும் பறவைகளைச் சுடலாகாது என்று ஊராருக்குக் கவுல் எழுதிக் கொடுத்தார். மதுராந்தகத்து ‘ஏரி காத்த இராமர்’ கோயிலின் வரலாற்றில், கொட்டும் மழையில் ஏரிக்கரையை வில்லேந்திய இருவர் காத்து நிற்கக் கண்டதாகச் சொல்லப்படும் பிளேஸ் துரையும் இவரே.

ஊரார் அந்த உரிமையைப் பெற்றதோடு நின்றுவிடவில்லை. 1858-ஆம் ஆண்டு மீண்டும் கலெக்டரிடம் சென்று அதனைப் புதுப்பித்துக்கொண்டனர். 1936-ஆம் ஆண்டு அது பறவைகளின் சரணாலயம் என்னும் அங்கீகாரம் பெற்றது. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. அச்சட்டத்தின்கீழ் 1998-ஆம் ஆண்டு, ஏரியோடு அதனைச் சுற்றி 5 கிலோமீட்டர் தொலைவு வரையுள்ள பகுதியும் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2020-ஆம் ஆண்டு அந்த எல்லையைச் சுருக்கும் முன்மொழிவு ஒன்று எழுந்தபோது, அதனை எதிர்த்துப் பலரும் குரல் கொடுத்தனர். 2022-ஆம் ஆண்டு வேடந்தாங்கல், உலக முதன்மை வாய்ந்த ஈரநிலங்களின் வரிசையில் சேர்க்கப்பட்டது. 1971-ஆம் ஆண்டு ஈரான் நாட்டின் ராம்சார் நகரில் கையெழுத்தான உடன்படிக்கையின் வழியாக அவ்வரிசை அமைக்கப்படுகிறது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலமும், வேடந்தாங்கலுக்கு அண்மையிலுள்ள கரிக்கிலியும் அதே ஆண்டில் இவ்வரிசையில் இடம்பெற்றன.

இத்தனைக்கும் அடிப்படையாக அமைந்த வேடந்தாங்கல் ஏரியின் பரப்பு எவ்வளவு என்று நினைக்கிறீர்கள்? ஏறத்தாழ 30 ஹெக்டேர், அதாவது 74 ஏக்கர்தான். சென்னையைச் சுற்றியுள்ள எத்தனையோ ஏரிகள் இதனைவிடப் பெரியவை. பரப்பினால் வேடந்தாங்கலுக்குப் பெருமை வரவில்லை. ஊரார் இடைவிடாது காவல் புரிந்தமையால் வந்தது.

அவர்கள் ஏன் காவல் புரிந்தனர்? இரக்கம் அவர்களுக்கு இருந்திருக்கலாம். ஆனால் அந்த முதிய உழவர் எனக்குச் சொன்னது இரக்கத்தைப் பற்றியன்று, எருவைப் பற்றி. அது எவ்வாறு நிகழ்கிறது என்பதை அறிவியல் பயிலும் நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும்.

பறக்கும் உயிருக்கு உடல் எடை குறைவாக இருத்தல் வேண்டும். அதனால் நம்மைப்போல் சிறுநீரைத் தேக்கி வைத்துக்கொள்ளும் பை பறவைகளுக்கு இல்லை. உடலின் நைட்ரஜன் கழிவை நீரில் கரைத்து வெளியேற்றாமல், யூரிக் அமிலமாக்கிக் குழம்புபோல வெளியேற்றுகின்றன. எச்சத்தில் வெள்ளையாகத் தெரிவது அந்த யூரிக் அமிலமே. நீரிலும் மண்ணிலும் வாழும் நுண்ணுயிர்கள் அதனைச் சிதைத்து முதலில் அம்மோனியாவாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நெற்பயிர் தன் வேரினால் உறிஞ்சிக்கொள்ளும் உணவு இவையே. பறவை தின்ற மீனின் முள்ளிலும் தசையிலும் இருந்த பாஸ்பரசும் எச்சத்தோடு சேர்ந்து விழுகிறது.

இதில் வியப்பான செய்தி ஒன்று உண்டு. ஏரியில் கூடு கட்டும் பறவைகள் அந்த ஏரியிலேயே முழு இரையையும் தேடுவதில்லை. விடியற்காலையில் புறப்பட்டுச் சுற்றுவட்டாரத்துத் தாங்கல்களுக்கும் குளங்களுக்கும் வயல்களுக்கும் செல்லுகின்றன. அங்கே மீனும் நத்தையும் தவளையும் தின்று, குஞ்சுகளுக்கு இரை கொண்டு திரும்புகின்றன. பல ஊர்களில் சிதறிக் கிடந்த சத்து, கூலி கேட்காத ஆயிரக்கணக்கான வேலைக்காரர்களால் ஓர் ஏரியில் கொண்டுவந்து சேர்க்கப்படுகிறது. மதகைத் திறந்தவுடன் அச்சத்து நீரோடு வயலுக்குப் பாய்கிறது. உழவர் செய்ய வேண்டுவதெல்லாம் அப்பறவைகளைச் சுடாமலும் கலைக்காமலும் இருப்பதுதான்.

உலகின் மறுகோடியிலும் இதற்கு ஒப்பான வரலாறு ஒன்று உண்டு. தென் அமெரிக்காவின் பெரு நாட்டுக் கடலோரத்தில் மழை பெய்வது அரிது. அங்குள்ள சின்ச்சா தீவுகளில் கடற்பறவைகளின் எச்சம் கரையாமல் குன்றுகளாகக் குவிந்திருந்தது. பழைய இன்கா அரசர்கள், பறவைகள் கூடு கட்டும் காலத்தில் எவரும் அத்தீவுகளில் கால் வைக்கலாகாது என்று கடுந்தண்டனை விதித்துக் காத்தனர் என்று 1609-ஆம் ஆண்டு வெளிவந்த நூலொன்றில் கார்சிலாசோ டி லா வேகா எழுதியிருக்கிறார். 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியரும் அமெரிக்கரும் அந்த எருவின் மதிப்பை உணர்ந்தனர். கப்பல் கப்பலாக வெட்டிச் சென்றனர். 1864-ஆம் ஆண்டு ஸ்பெயின் நாடு அத்தீவுகளைக் கைப்பற்ற, அதனால் போரே மூண்டது. பல நூற்றாண்டுகளாகச் சேர்ந்த குன்றுகள் சில பத்தாண்டுகளில் தீர்ந்துபோயின. இன்கா மக்களும் வேடந்தாங்கல் உழவர்களும் பறவை தருவதைப் பெற்றுக்கொண்டு பறவையை அதன் போக்கில் விட்டனர். பின்னால் வந்தவர்கள் எருவைக் கண்டார்கள், பறவையைக் காணவில்லை. நானோ இரண்டையும் காணாதவனாக இருந்தேன்.

வேடந்தாங்கலில் அன்று நாங்கள் கண்ட பறவைகளைப் பற்றிச் சிறிது சொல்லுகிறேன். நத்தைகுத்தி நாரையின் இரு அலகுகளுக்கும் நடுவே இடைவெளி ஒன்று தெரியும். நத்தையைப் பிடித்து உண்பதற்கு ஏற்றதாக அமைந்த அலகு அது. குஞ்சுக்கு அந்த இடைவெளி இராது. வளர வளரத் தோன்றும். கூழைக்கடாவின் அலகின் கீழே தொங்கும் பை, மீனை வாரியெடுக்கும் வலையாகப் பயன்படுகிறது. பாம்புத்தாரா உடலை நீருக்குள் அமிழ்த்திக் கழுத்தை மட்டும் வெளியே நீட்டி நீந்தும்போது பாம்பென்றே தோன்றும். நீர்க்காகம் மூழ்கி எழுந்தபின் சிறகுகளை விரித்து வெயிலில் உலர்த்தும். கரண்டிவாயனும் அரிவாள்மூக்கனும் பெயரிலேயே தம் அலகின் வடிவத்தைச் சொல்லிவிடுகின்றன. இப்பெயர்களை வைத்தவர் பறவைகளை அருகிருந்து கண்ட எளிய மக்கள். உற்று நோக்காதவனுக்கு இத்தகைய பெயர்கள் வாயில் வாரா.

இவை யாவும் வெளிநாட்டுப் பறவைகள் என்று பலர் எண்ணுவது தவறு. நாரைகளும் கூழைக்கடாக்களும் நம் நாட்டிலேயே வாழ்ந்து, நீர் நிறைந்த ஏரிகளைத் தேடிவந்து கூடு கட்டுபவை. கூடு நீருக்கு நடுவே நிற்கும் மரத்தில் இருந்தால் பூனையும் நரியும் அணுக முடியாது. ஆகவே ஏரி வற்றிய ஆண்டில் இவை கூடு கட்டுவதில்லை. நீலச்சிறகி, ஊசிவால் வாத்து முதலியவை வேறு வகை. அவை இமயமலைக்கு வடக்கேயுள்ள குளிர்நாடுகளிலிருந்து பனிக்காலத்தைக் கழிக்க வருபவை. இங்கே கூடு கட்டுவதில்லை.

பறவைகள் எங்கிருந்து வந்து எங்கே செல்கின்றன என்பதை உலகம் எப்படி அறிந்தது தெரியுமா? டென்மார்க் நாட்டின் வீபோர் நகரில் பணியாற்றிய மார்ட்டென்சன் என்ற பள்ளி ஆசிரியர், 1899-ஆம் ஆண்டு 165 பறவைகளைப் பிடித்து, எண்ணும் ஊர்ப்பெயரும் பொறித்த அலுமினிய வளையங்களை அவற்றின் கால்களில் மாட்டிப் பறக்கவிட்டார். அப்பறவைகள் வேற்றூர்களில் கண்டெடுக்கப்பட்டபோது அவற்றின் பயணம் தெரியலாயிற்று. இன்று உலகெங்கும் நடைபெறும் வளையமிடும் பணிக்கு வழிகாட்டியவர் அந்தப் பள்ளி ஆசிரியரே. ஓர் ஆசிரியர் பறவைக்குச் செய்ததையும் நான் செய்ததையும் ஒப்பிட்டு நான் வெட்கியதுண்டு.

மேலே குறிப்பிட்ட 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் படித்தபோது இன்னொன்றும் விளங்கிற்று. சுடுவதும் பொறிவைத்துப் பிடிப்பதும் மட்டுமே வேட்டை என்று நான் எண்ணியிருந்தேன். காட்டுப் பறவைகளின் முட்டைகளைச் சேதப்படுத்துவதையும், முட்டைகளையோ கூடுகளையோ கலைப்பதையும் அச்சட்டம் வேட்டை என்னும் சொல்லுக்குள் அடக்கியிருக்கிறது. துப்பாக்கியைக் கையால் தொட்டறியாத நான், சட்டத்தின் கண்ணில் வேட்டைக்காரனாக நின்றேன். நான் செய்திருக்க வேண்டியது என்ன? வழிபாட்டுக் கூட்டத்தை மூன்று மாதங்களுக்கு 20 அடி தள்ளி நடத்தியிருந்தால் போதும். மரமும் இருந்திருக்கும், பறவைகளும் இருந்திருக்கும், சட்டைகளும் தூய்மையாக இருந்திருக்கும்.

ஆயினும் தவறு செய்தவன் அத்தோடு முடிந்துவிட வேண்டியதில்லை என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. சாலிம் அலி சிறுவராக இருந்தபோது தம் விளையாட்டுத் துப்பாக்கியால் ஒரு சிட்டைச் சுட்டார். அதன் தொண்டையில் மஞ்சள் நிறம் இருப்பதைக் கண்டு வியந்து, அது என்ன பறவை என்று அறிய 1908-ஆம் ஆண்டு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்திற்கு எடுத்துச் சென்றார். கழகத்தின் செயலாளராக இருந்த மில்லார்டு, அச்சிறுவனைக் கடிந்து அனுப்பாமல், அங்கே சேமித்து வைக்கப்பட்டிருந்த பறவைகளைக் காட்டி விளக்கினார். அந்தச் சிறுவரே பின்னாளில் இந்தியாவின் தலைசிறந்த பறவையியல் அறிஞரானார். 1941-ஆம் ஆண்டு இந்தியப் பறவைகளைப் பற்றிப் புகழ்பெற்ற நூலை வெளியிட்டார். ஒரு கேள்வியோடு வந்த சிறுவனை மில்லார்டு வரவேற்றார். கேள்வியோடு வந்த சிறுவனை நான் வீட்டுக்கு அனுப்பினேன். இதனை உங்கள் ஆசிரியர்களும் கேட்டுக்கொண்டிருந்தால், அவர்களுக்காகவே சொல்லுகிறேன்.

இனி இன்றைய நிலைக்கு வருவோம். இன்று பறவைகளைச் சுடுவோர் குறைவு. சுடாமலே அவை அழிகின்றன. இந்தியாவில் 1990-களில் தொடங்கிப் பிணந்தின்னிக் கழுகுகள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேலாக மறைந்துபோயின. கால்நடைகளுக்கு வலி தீரக் கொடுக்கப்பட்ட டைக்ளோபெனாக் என்னும் மருந்தே அதற்குக் காரணம் என்று ஆராய்ந்து கண்டனர். அம்மருந்து ஊட்டப்பட்ட மாடு இறந்தபின் அதனைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகம் பழுதாயிற்று. 2006-ஆம் ஆண்டு அரசு அம்மருந்தைக் கால்நடைக்குப் பயன்படுத்தத் தடைவிதித்தது. மருந்து கொடுத்தவர் எவரும் கழுகைக் கொல்ல நினைக்கவில்லை. அவர்கள் அறியாமலே அது நிகழ்ந்தது. இறந்த கால்நடைகளை நாறவிடாமல் அகற்றியது யார் என்பதைக் கழுகுகள் போனபின்பே ஊரார் உணர்ந்தனர்.

நம் ஏரிகளின் கதியும் இத்தகையதே. வேடந்தாங்கல் உழவர்க்கு வயல் இருந்தது. வயலுக்கு எரு வேண்டும். எருவுக்குப் பறவை வேண்டும். இச்சங்கிலி அறுபடாததால் அங்கே காவலும் அறுபடவில்லை. அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லிப் பக்கங்களில் வயல்கள் குறைந்துபோயின. வயல் போனதும் ஏரிநீர் எவருக்கும் வேண்டாததாகத் தோன்றிற்று. வரத்துக் கால்வாய்கள் தூர்ந்தன. கழிவுநீர் வந்து சேர்ந்தது. குப்பையைக் கொட்டும் இடமாகவும் சில ஏரிகள் ஆயின. எச்சத்தை எருவென்று அறிந்த உழவர் இல்லாத இடத்தில், என்னைப்போல் எச்சத்தை அழுக்கென்று காண்பவரே மிஞ்சினோம். நமக்குப் பயன் இல்லாத ஒன்றை நாம் ஏன் காக்க வேண்டும் என்னும் கேள்வி அங்கே எழுகிறது.

இக்கேள்விக்கு விடை 2015-ஆம் ஆண்டிலும் 2019-ஆம் ஆண்டிலும் கிடைத்தது. 2015-ஆம் ஆண்டு டிசம்பரில் பெய்த பெருமழையில் சென்னையும் அதன் புறநகர்களும் வெள்ளத்தில் மூழ்கியதை நீங்கள் அறிவீர்கள். நீர் தங்க வேண்டிய தாழ்நிலங்களில் வீடுகள் நின்றமையால் நீர் வீடுகளுக்குள் தங்கிற்று. நான்கு ஆண்டுகள் கழிந்தன. 2019-ஆம் ஆண்டு கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு நீர்த்தேக்கங்களும் ஏறக்குறைய வறண்டன. அவ்வாண்டு ஜூலை மாதத்தில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்திற்கு ரயிலில் குடிநீர் கொண்டுவந்தார்கள். 50 தொட்டிகள் பூட்டிய அந்த வண்டி ஒரு முறைக்கு 25 லட்சம் லிட்டர் நீரைச் சுமந்து எங்கள் வேப்பம்பட்டு நிலையத்தைக் கடந்துதான் சென்றது. ஏரிகள் நிறைந்த மாவட்டம் என்று பெயர்பெற்ற நாட்டின் ஊடே, வேற்றூர்த் தண்ணீர் ரயிலேறிப் போவதை நான் நடைமேடையில் நின்று பார்த்தேன்.

வயல் போனாலும் ஏரியின் தேவை போகவில்லை என்பது அன்று விளங்கிற்று. மழைநீரைத் தாங்கி நிற்பதும், மண்ணுக்குள் இறக்கிக் கிணறுகளை ஊறச்செய்வதும் ஏரியின் பணிகள். அப்பணி நன்கு நடைபெறுகிறதா என்பதற்குப் பறவையே அடையாளம். மீன் வாழும் நீரில்தான் நீர்க்காகம் மூழ்கும். நத்தை வாழும் சேற்றில்தான் நத்தைகுத்தி நிற்கும். பல வகைப் பறவைகள் வரும் ஏரி உயிரோடிருக்கிறது என்று கொள்ளலாம். ஒன்றும் வாராத ஏரியில் ஏதோ கெட்டுவிட்டது என்று ஐயுறலாம். உழவருக்குப் பறவை எரு தந்தது. நகரத்தாருக்கு அது எச்சரிக்கை தருகிறது. காப்பதற்கு நமக்கும் காரணம் இருக்கிறது. அதனை அறியாதிருப்பதே நம் குறை.

முயன்றால் இழந்ததைச் சிறிது மீட்கலாம் என்பதற்கும் எங்கள் பக்கத்திலேயே எடுத்துக்காட்டு உண்டு. கழிவுநீரால் கெட்டிருந்த ஆவடி பருத்திப்பட்டு ஏரி சீரமைக்கப்பட்டு, 2019-ஆம் ஆண்டு பூங்காவுடன் மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. காலையில் அதன் கரையில் நடப்போர் நீர்ப்பறவைகளைக் காணலாம். சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடியை அடுத்த கொள்ளுகுடிப்பட்டி மக்கள், கூட்டிலுள்ள பறவைகள் மிரளும் என்பதற்காகத் தீபாவளியன்று வெடி வெடிப்பதைப் பல ஆண்டுகளாகக் கைவிட்டிருக்கின்றனர். அவ்வூர்ப் பிள்ளைகளுக்கும் வெடியின்மேல் ஆசை இராதா? இருந்தும் விட்டுக்கொடுக்கிறார்கள்.

நீங்கள் என்ன செய்யலாம்? பெரிய காரியங்களைச் சொல்லி உங்களை மலைக்க வைக்க நான் விரும்பவில்லை. ஒரு குறிப்பேடும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊர் ஏரிக்கோ குளத்துக்கோ வாரம் ஒரு முறை செல்லுங்கள். தனியே செல்லாமல் பெரியவர் ஒருவருடன் செல்லுங்கள். நாள், நேரம், கண்ட பறவை, அதன் எண்ணிக்கை ஆகியவற்றை எழுதிவையுங்கள். தெரியாத பறவையைத் தெரிந்ததுபோல் எழுதாதீர்கள். அதன் அலகையும் காலையும் நிறத்தையும் குறித்துவைத்துப் பின்னர் நூலில் தேடுங்கள். 1987-ஆம் ஆண்டு முதல் ஆசிய நாடுகளில் ஜனவரி மாதந்தோறும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடைபெறுகிறது. தமிழ்நாட்டில் 2015-ஆம் ஆண்டு முதல் பொங்கல் விடுமுறையில் பறவைகளைக் கணக்கெடுக்கும் வழக்கமும் இருக்கிறது. மாணவர்களும் இதில் பங்கு கொள்ளலாம். பல ஆண்டுக் கணக்கு கையில் இருந்தால்தான், பறவை குறைந்துவிட்டது என்று நாம் கூறும்போது பிறர் செவிசாய்ப்பர். வேடந்தாங்கல் மக்கள் கலெக்டரிடம் வெறுங்கையோடு செல்லவில்லை. தங்கள் ஏரியைப் பற்றிய முழு அறிவோடு சென்றார்கள்.

கூடு கட்டும் காலத்தில் மரத்தை வெட்டப் பெரியவர்கள் முனைந்தால், மரியாதையோடு அவர்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள். தலைமையாசிரியராக இருந்தாலும் கேளுங்கள். அவர் அப்போது விடை சொல்லாமல் போகலாம். ஆனால் கேள்வி அவரை விட்டுப் போகாது. என்னை விட்டு அது இன்னும் போகவில்லை.

பணியிலிருந்து ஓய்வுபெற்ற ஆண்டில் அதே முற்றத்தில் ஓர் ஆலங்கன்றை நட்டேன். அண்மையில் அப்பள்ளிக்குச் சென்றபோது அது ஓங்கி வளர்ந்திருந்தது. கொக்குகள் இன்னும் கூடு கட்டவில்லை; மாலையில் மைனாக்கள் வந்து அடைகின்றன. மரத்தின்கீழ்த் தரை எச்சத்தால் வெளுத்திருந்தது. இப்போதைய தலைமையாசிரியர் மாணவர்களின் குடிநீர்க் குழாயைச் சற்றுத் தள்ளி அமைத்திருக்கிறார். மரத்தடி மண்ணைக் கூட்டியள்ளிப் பள்ளித் தோட்டத்தில் போடுவதாகவும் சொன்னார். அங்கே கத்தரிச் செடிகள் நன்றாகக் காய்த்திருந்தன.